என் பாக்கெட்டில் ஒரு டிரைலர் டிரைவரின் கண்

அரசாங்கக் கம்ப்யூட்டரின் அபிப்பிராயத்தில், போன வருடம் பெரும்பகுதி நான் கர்ப்பமாக இருந்தேன். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, மீசை நரைத்துவிட்டது. கம்ப்யூட்டர் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. இரும்புச்சத்து மாத்திரையை மறக்க வேண்டாம் என்று திங்கட்கிழமை எனக்குச் செய்தி வரும். செவ்வாய்க்கிழமை, என் ஒன்பது மாதக் குழந்தைக்கு ஊசி போடும் நாள் நெருங்கிவிட்டதாக வரும். வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு மூப்பு வந்து, முதியோருக்கான மூட்டுவலி முகாமுக்கு அழைப்பும் வந்துவிடும். கருவுறுவது முதல் கைத்தடி வரை ஐந்தே நாள். இந்தச் செய்திகளை டீக்கடையில் நண்பர்களுக்குப் படித்துக்காட்டிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வேடிக்கையான ஆள் என்று எனக்கு வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்றுவதே ஒரு பகுதிநேர வேலை.

இத்தனை நோயும் என் தலையில் விழுந்ததற்குக் காரணமும் நான்தான்.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, நான் ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் மிஷின், பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு ஒரு நீலத் திரை. கல்லாவுக்குக் கீழே என் புத்தகங்கள். சென்டர் வைத்ததே புத்தகம் படிக்கத்தான் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அவள் சொல்வதில் தவறே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்பு, எங்கள் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் சீட்டுக் காலம் முடிந்து கம்ப்யூட்டர் காலம் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு சுகாதார எண் இருக்க வேண்டும், அதை ஆன்லைனில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜனம் மொத்தமும் என் வாசலுக்கு வந்தது. அந்தப் படிவத்தில் மொபைல் நம்பர் போட வேண்டும். போட்டால் அந்த நம்பருக்கு ஆறு இலக்கத்தில் ஓ.டி.பி. வரும். அதைச் சில நிமிடங்களுக்குள் அடிக்காவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால் என் வாடிக்கையாளர்களில் கையில் போனோடு வருகிறவர் யார்?

“போன் வூட்ல சார்ஜ்ல கீது நைனா.”

“சிம்மு எங்க வூட்டுக்காரராண்ட கீது. அவரு கடலுக்குப் போயிகீறாரு. வியாய்க்கெழம வருவாரு.”

“நம்பரு மாத்தி ரெண்டு நாள்தான் ஆவுது. அது இன்னும் மன்சுல ஏறல.”

முதல் நாள் மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். நான்காவது ஆள் வந்தபோது, நான் படித்துக்கொண்டிருந்த நாவலில் ஒரு கப்பல் மூழ்கிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு இவருடைய சிம் கடலிலிருந்து திரும்பும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. படிவத்தில் என் நம்பரைப் போட்டேன். ஓ.டி.பி. என் போனுக்கே வந்தது. அரை நிமிடத்தில் வேலை முடிந்தது. அவர் என்னைக் கும்பிட்டார். கப்பலில் இருந்தவர்களும் பிழைத்தார்கள்.

அன்றிலிருந்து அதுவே என் வழக்கமாகிவிட்டது. என்னுடையது சுறுசுறுப்பான சென்டர் என்று பெயர் பரவி, எண்ணூரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். நான் படிவத்தில் அடித்த நம்பரைத்தான் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அந்த நோயாளியின் நம்பர் என்று எடுத்துக்கொள்ளும், நாளை அவரைத் தேட நேர்ந்தால் என்னைத்தான் தேடும் என்பதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் நான் படித்தவன்.

ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு, கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில் சுகர், பிரஷர் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸம்மா சென்டருக்கு வந்தார். சிறிய உருவம், பெரிய கைப்பை. வணக்கம் எதுவும் சொல்லவில்லை. தன் போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். என் பாக்கெட்டில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தேன், தெரியாத நம்பர். வழக்கப்படி கட் பண்ணினேன்.

“பார்த்தீங்களா? இதே மாதிரிதான் மூணு நாளா கட் பண்றீங்க” என்றார்.

“லோன் வேணுமான்னு கேட்கறவங்கன்னு நினைச்சேன், சிஸ்டர்.”

“அண்ணே, உங்க நம்பரை எங்க சிஸ்டத்துல போட்டுத் தேடினா என்ன வருதுன்னு தெரியுமா? ஆளுங்க பேரு மூணு பக்கத்துக்கு வருது. நீங்க மாசமா இருக்கீங்க. நீங்களே பால் குடிக்கிற குழந்தையாவும் இருக்கீங்க. ரெண்டு பேருக்கு டி.பி. மாத்திரை, அதுவும் நீங்கதான் சாப்பிடணும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கல்லா மேல் வைத்தார்.

அதில் ஒரு டிரைலர் டிரைவரின் பெயர் இருந்தது. தெரிந்த ஆள்தான். எங்கள் தெருவுக்குப் பின்தெரு. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் நீளவண்டி ஓட்டுகிறவர். பத்து வருடமாகச் சுகர். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கேமரா வந்திருக்கிறது. தாடையை அதில் வைத்து உட்கார்ந்தால், கண்ணின் உள்ளே பின்சுவரைப் படம் எடுக்கும். அந்தப் படம் கம்ப்யூட்டர் வழியாக நகரத்தில் உள்ள பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கே ஒரு டாக்டர் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புவார். டிரைவரும் ஒரு நாள் போய்த் தாடையை வைத்துவிட்டு வந்திருக்கிறார். பதில் வந்திருக்கிறது. இடது கண்ணின் விழித்திரையில் ரத்தக் கசிவு, இரண்டு வாரத்துக்குள் வந்து லேசர் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பார்வை போகலாம்.

“பதில் வந்தவுடனே மெசேஜ் தானா போயிடும். அவரோட நம்பருக்கு” என்றார் நர்ஸம்மா. ‘அவரோட’ என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் அழுத்தினார்.

போனில் தேடினேன். மனை விற்பனை விளம்பரத்துக்கும் ரீசார்ஜ் சலுகைக்கும் நடுவில் அது இருந்தது. வந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. படிக்கப்பட்ட செய்தி. அதாவது நான் படித்திருக்கிறேன். கர்ப்பத்தைப் படித்தேன், தட்டம்மையைப் படித்தேன், இதையும் படித்தேன். இதில் டீக்கடையில் சொல்லிச் சிரிக்க ஒன்றும் இல்லையென்று அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

சென்டரைப் பூட்டிவிட்டுப் பின்தெருவுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். என் உடம்புக்கு எது சாத்தியமோ அதைச் செய்தேன்.

டிரைவரின் மனைவி வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என் நம்பர் விஷயத்தை மட்டும் கடைசியில், வேகமாகச் சொன்னேன்.

“அது ஒண்ணும் இல்லன்னுல்ல நெனச்சிகினு கீறோம்!” என்றார். “தகவலே வர்லியே, அப்ப கண்ணு சுத்தமா கீதுன்னு சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். ஆனா ஒண்ணு நைனா, சாயந்தரமானா எதிர்ல வர்ற வண்டி லைட்டெல்லாம் பூ மாரி விரியுதுன்னு சொல்லிகினே இருந்தாரு. நான்தான் கண்ணாடியத் தொடச்சு ஓட்டுய்யான்னேன்.”

“இப்ப எங்க இருக்கார்?”

“காட்டுப்பள்ளி லைன்ல. முந்தாநாள் போனாரு. போன் பண்ணா, ‘நவுருது, நவுருது’ன்றாரு. எங்க நவுருதோ.”

அவர் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்தது, எடுக்கவில்லை. வண்டிக்கு அடையாளம் கேட்டேன். நீலக் கேபின், நெற்றியில் வேளாங்கண்ணி மாதா, பின்கதவில் ஒரு பச்சைக்கிளி.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வடக்கே போனேன். விம்கோ நகர் தாண்டி, எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டுப் புகைபோக்கிகள் தெரிகிற வரைக்கும் டிரைலர்கள் துறைமுகத்துக்குள் நுழைய ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றன. நீலக் கேபின் என்பது எவ்வளவு பயனற்ற அடையாளம் என்று அன்று தெரிந்தது. மாதா அதைவிட மோசம். மூன்றில் ஒரு வண்டியில் இருந்தார். நான் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் போய்க் கிளி தேடினேன். மயில் கிடைத்தது, புலி கிடைத்தது, முறைத்துப் பார்க்கும் கழுகு நாலைந்து கிடைத்தது. வெள்ளைச் சட்டை நிலக்கரித் தூளில் சாம்பல் நிறமான பிறகு, ஒரு மணி நேரம் கழித்துக் கிளி கிடைத்தது.

டிரைவர் கேபின் படியில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“இன்னா நெட்டு நைனா! இங்க இன்னா பண்ணிகினு கீற? துறைமுகத்துல நாவல் எறங்குதா?”

முதலில் நலம் விசாரித்து, பிறகு சுகரைப் பற்றிப் பொதுவாகப் பேசி, படிப்படியாக விஷயத்துக்கு வரலாம் என்று வழியெல்லாம் திட்டம் போட்டிருந்தேன். வாயைத் திறந்ததும், “உங்க கண்ணுல ரத்தம் கசியுதாம்” என்று வந்துவிட்டது.

அவர் டீயைக் கீழே வைத்தார். நான் மீதியையும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

“அப்ப, அஞ்சு வாரமா என் கண்ணு உன் பாக்கெட்லயா கீது?”

“ஆமா.”

“பாக்கெட்ல வச்சிகினு நீ பாட்டுக்கு டீக்கடைல குந்திகினு கீற.”

“ஆமா.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முன்னால் நின்ற வண்டியைக் காட்டினார். “தோ பாரு, எனக்கு ஒண்ணும் இல்ல” என்று அதன் நம்பரை எழுத்து எழுத்தாக, தடங்கல் இல்லாமல் படித்தார். எல்லாம் சரி. எனக்கே ஒரு நிம்மதி வந்தது. பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது.

“எவ்வளவு நேரமா இந்த வண்டிக்குப் பின்னாடி நிக்கறீங்க?”

“நேத்துலேர்ந்து.”

“அப்ப அது மனப்பாடம். அதோ, அந்தப் பக்கம் ஒரு சிவப்பு கன்டெய்னர் நிக்குதே, அதைப் படிங்க. வலது கண்ணை மூடிக்கிட்டு.”

கையால் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். கையை எடுத்துவிட்டு டீயைக் குடித்து முடித்தார்.

“லெப்டுல ஒரு கொசு பறக்குது நைனா. ரெண்டு மாசமா. வெரட்டுனாலும் போவல.” குரலைத் தாழ்த்தினார். “இத்த நீ எங்கியும் பேசாத. கண்ணு பேஜாருன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சா சாவியப் புடுங்கிடுவான். எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலு இதான். பேசாம உட்டுடு. ஓடுற வரைக்கும் ஓடட்டும்.”

சாவி போய்விடும் என்று பயப்படுகிறவரிடம் ‘கவலைப்படாதீர்கள்’ என்று சொல்ல, தன் சம்பளம் பத்திரமாக இருக்கிறவனால்தான் முடியும். “உங்க பின்னாடி இருபது டன் இரும்பு இருக்கு” என்றேன். “எனக்குத் தெரியாதா?” என்றார். வரிசை நகர்ந்தது. அவர் ஏறி வண்டியை இரண்டு வண்டி நீளம் ஓட்டி நிறுத்தினார். நான் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு கூடவே போனேன்.

திரும்ப இறங்கியபோது அவரே கேட்டார். “அன்னிக்கு படம் புடிச்சாங்களே. அதுல அப்டி இன்னாதான் கீது? அத்த எனக்குக் காட்டுவாங்களா?”

“நிச்சயமா காட்டுவாங்க” என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது.

“சரி. எறக்கிட்டு நாளைக்குக் காலைல வரேன். ஒன்பது மணி. படத்தப் பாக்கறேன், அவ்ளோதான். வேற ஒண்ணும் ஒத்துக்கல.”

மறுநாள் எட்டரைக்கே நான் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துவிட்டேன். புத்தகம் எடுத்துப் போயிருந்தேன், ஒரே பக்கத்தை எட்டு முறை படித்தேன். ஒன்பது ஆனது, ஒன்பதரை ஆனது. நர்ஸம்மா ஒவ்வொரு முறை கடந்துபோகும்போதும் என்னைப் பார்ப்பார், பிறகு வாசலைப் பார்ப்பார். பத்தே காலுக்கு டிரைவரின் மனைவி உள்ளே வந்தார். பின்னால், பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வரப்பட்டவர் போல, டிரைவர்.

“கேட் வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போறாரு நைனா” என்றார் அந்த அம்மா. “சட்டையப் புடிச்சேன்.”

நர்ஸம்மா கம்ப்யூட்டரில் அவருடைய எண்ணை அடித்தார். திரை முழுக்க ஒரு படம் வந்தது. ஆரஞ்சு நிறத்தில் முழு நிலா மாதிரி வட்டம். அதில் ஒரு பக்கத்திலிருந்து கிளை பிரிந்து ஓடும் ரத்தக் குழாய்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் புள்ளிகள், ஒரு ஓரத்தில் திட்டுத்திட்டாகக் கருஞ்சிவப்பு. நர்ஸம்மா மவுஸை உருட்டிப் பெரிதாக்கினார்.

டிரைவர் நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டார்.

“இதுவா என் கண்ணு?”

“இடது கண்ணு.”

“நம்ம எண்ணூர் கழிமுகத்த மேலேர்ந்து பாத்த மாரியே கீது. ஆறெல்லாம் ஓடுது. தோ, இங்க எண்ணெய் கொட்டி வச்சா மாரி...” விரல் அந்தக் கருஞ்சிவப்பில் நின்றது. யாரும் விளக்கவில்லை. அவருக்கு விளக்கமும் தேவைப்படவில்லை. ஆற்றில் எண்ணெய் மிதந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இது நடுவுல வந்துச்சுன்னா?”

“நடுவுலதான் பார்வை இருக்கு” என்றார் நர்ஸம்மா.

பிறகு அவர் ஏதோ அழுத்தினார். படம் ஓரத்துக்குப் போய், நடுவில் ஒரு பெண் டாக்டர் தெரிந்தார். பெரிய கண் ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறார். அவர் திரையிலும் அதே படம். முதலில், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார். அறையில் இருந்த மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கேமராவில் நான் விழாதபடி கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.

“பரவாயில்லை, இன்னும் நடுப்பகுதிக்கு வரலை” என்றார் டாக்டர். “லேசர் வச்சா இதோட நிறுத்திடலாம். ஏற்கெனவே போனது கொஞ்சம் போனதுதான். இருக்கறதைக் காப்பாத்திடலாம். ஆனா இந்த வாரமே வரணும். சுகரையும் இறக்கணும்.”

“வண்டி ஓட்டலாமா டாக்டரம்மா?”

“இப்போ கூடாது. சிகிச்சை முடிஞ்சு, மூணு மாசம் கழிச்சு இதே மாதிரி படம் எடுப்போம். அதைப் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்.”

டிரைவர் எழுந்து வெளியே போனார். போயேவிட்டார் என்று நினைத்தேன். வராந்தாவில் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். “சார், கண்ணுல லேசர் வைக்கணும். ஆமா சார். மூணு மாசம். இல்ல சார், டபாய்க்கல, நானே பாத்தேன், டி.வி. மாரி பெருசா காட்னாங்க.” கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு உள்ளே வந்து, “யார்டுல குந்தி வர்ற வண்டி நம்பர எழுதற வேல தரேன்றான். மூணு மாசத்துக்கு மட்டும்” என்றார். அவர் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லேசருக்கு இரண்டு தடவை போய்வர வேண்டியிருந்தது. நான் கூடப் போனேன். வேண்டாம் என்று அவர் ஒருமுறை சொன்னார், நான் கேட்கவில்லை. இடைப்பட்ட நாட்களில் நர்ஸம்மா எனக்கு ஒரு தண்டனை வைத்திருந்தார். அந்த மூன்று பக்கப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்து, ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய்ச் சொந்த நம்பரை வாங்கிவரச் சொன்னார். கிட்டத்தட்ட பாதிப் பேர் மறுத்தார்கள். “உன் நம்பரே இருக்கட்டுமே, நைனா. எனக்கு வந்தா நான் படிக்கவா போறேன்? நீன்னா படிச்சிட்டு வந்து சொல்லுவ” என்றார் ஒரு பெரியவர். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் அவர் வீட்டில் இரண்டு டீ குடித்தேன். என்னைக் கர்ப்பமாக வைத்திருந்த பெண்ணையும் கண்டுபிடித்தேன். பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்திருந்தது. நான் சாப்பிடாத இரும்பு மாத்திரைகளை அவள் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாள். தண்டனையை முடிக்க எனக்கு ஏழு வாரம் ஆனது.

மூன்று மாதம் கழித்து, அதே ஆஸ்பத்திரி, அதே கேமரா. டிரைவர் தாடையை வைத்தார். கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தது. நர்ஸம்மா படத்தை அனுப்பிவிட்டு, “டாக்டர் ஃப்ரீயாகணும், உட்காருங்க” என்றார். பெஞ்சில் நான், அவர், அவர் மனைவி. அவர் எதிர்ச் சுவரில் இருந்த கொசு ஒழிப்பு விளம்பரத்தை ஒரு கண்ணை மூடிப் படித்தார், பிறகு மறு கண்ணை மூடிப் படித்தார். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்கள்.

திரையில் பழைய படமும் புதிய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதியதில் லேசர் வைத்த இடமெல்லாம் வெளிறிய சின்னப் பொட்டுகள், வரிசை வரிசையாக. கருஞ்சிவப்புத் திட்டு பெரும்பாலும் வற்றியிருந்தது.

“கசிவு நின்னுடுச்சு” என்றார் டாக்டர். “பார்வையும் வண்டி ஓட்டற அளவுக்கு இருக்கு. பகல்ல ஓட்டுங்க. ராத்திரி வண்டி கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இங்க வந்து படம் எடுத்துடணும்.”

“எடுத்துர்றேன் டாக்டரம்மா. பன்னுகூட உட்டுட்டேன்.”

“பொய்யி” என்றார் அவர் மனைவி.

அவர் மறுநாளே வண்டி எடுத்தார். அது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமை நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தேன்.

“அண்ணே, கொஞ்சம் வந்து உங்க ஆளைக் கூட்டிட்டுப் போங்க. வேலை பார்க்க விடமாட்டேங்கறாரு.”

போய்ப் பார்த்தால், டிரைவர் தன் வரிசையிலிருந்து நான்கு டிரைவர்களைக் கூட்டி வந்திருந்தார். நான்கு பேருக்கும் சுகர். நான்கு பேரும் கம்பெனிக்குத் தெரியக்கூடாது என்று மறைத்து வைத்திருந்தவர்கள். ஒருவர் கேமராவில் தாடையை வைத்திருந்தார். மற்ற மூன்று பேர் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். திரையில் யாரோ ஒருவருடைய ஆரஞ்சு நிலா. நம்மவர் நர்ஸம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு பேனாவால் திரையைத் தொட்டுத்தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இத்தப் பாரு மாமு, இதான் மெயின் ரோடு. இது கிளை. இங்கல்லாம் சுத்தமா கீது. பயப்படாத. என்னுது மாரி கலீஜ் இல்ல.”

“டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீங்க சொல்லாதீங்க!” என்றார் நர்ஸம்மா.

“டாக்டரம்மாவும் அத்தான் சொல்லுவாங்க, பாரு” என்றார் அவர், பேனாவை எடுக்காமல். “அடுத்த ஆளு வாப்பா. தாடைய நல்லா அமுத்தி வையி. கண்ண சிமிட்டாத.”